தானே புயலில் விழுந்த பலா, தாத்தா கடிகாரம் ஆன கதை! - கடலூர் டு சிதம்பரம் ஒரு பயணம்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் எங்கள் தாத்தா வீட்டுக் கூடத்தில், மூன்று வருடங்களாக ஒரு மரப்பெட்டி நின்றுகொண்டிருந்தது. ஆறரை அடி உயரம். ஒன்றேகால் அடி அகலம். நடுவில் நீளமாக ஒரு கதவு. மேலே, முகம் இருக்க வேண்டிய இடத்தில் வட்டமாக ஒரு ஓட்டை. புதிதாக வீட்டுக்கு வருகிறவர்கள், "பீரோ செய்றீங்களா?" என்று கேட்பார்கள். ஆயா அதன் வயிற்றுக்குள் வெங்காயக் கூடையை வைத்திருந்தார். "காத்தோட்டமா இருக்குடி, அழுகாம நிக்குது" என்பது அவர் தரப்பு நியாயம்.

அது பீரோ இல்லை. தாத்தா கடிகாரம். பழைய பங்களாக்களிலும் சினிமாக்களில் வரும் ஜமீன் வீடுகளிலும் மூலையில் ஆளுயரத்துக்கு நின்றபடி 'டொய்ங்' என்று மணி அடிக்குமே, அந்த 'கிராண்ட்ஃபாதர் கிளாக்'. அதை என் தாத்தா வீட்டிலேயே செய்ய ஆரம்பித்து, பாதியில் நிறுத்தியிருந்தார்.

"உங்க ஊர்ப் பக்கம் ஒரு வார இறுதிப் பயணக் கட்டுரை எழுதிட்டு வாயேன்" என்று எடிட்டர் சொன்னபோது, பிச்சாவரம் படகு, சில்வர் பீச் சூரிய உதயம், சிதம்பரம் கொத்சு என்று ஒரு பட்டியல் போட்டுக்கொண்டுதான் கிளம்பினேன். ஆனால் அந்தப் பயணம் அந்தப் பெட்டியைச் சுற்றியே போய்விட்டது.

பரணில் இருந்த மரம்

2011 டிசம்பர் 30. கடலூர்க்காரர்கள் யாரும் மறக்காத தேதி. அன்று அதிகாலையில் 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்புகளும் பலா மரங்களும் வேரோடு சாய்ந்து கிடந்தன. அப்போது நான் பள்ளிக்கூடம் படித்துக்கொண்டிருந்தேன். தாத்தாவோடு ஊருக்குப் போனபோது, எங்கள் குடும்பத்துக்குச் சொந்தமான அந்த ஒற்றைப் பலாவும் விழுந்து கிடந்தது. பெரியப்பா அழுதார். தாத்தா அழவில்லை. மரத்தைச் சுற்றி வந்து, கையால் தட்டித் தட்டிப் பார்த்தார்.

தாத்தா ஓர் அரசுப் பள்ளியில் கைத்தொழில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். தச்சு வேலைதான் அவர் பாடம். விழுந்த மரத்தை விறகுக்கு விடாமல், மில்லில் கொடுத்து ஒரு இஞ்ச் பலகைகளாக அறுத்து வாங்கிக்கொண்டு வந்தார். பலகைகளுக்கு நடுவே குச்சிகள் வைத்து, காற்று போகும்படி பரணில் அடுக்கினார். ஒரு இஞ்ச் பலகை நிழலில் காய்வதற்கு ஒரு வருடமாவது வேண்டும் என்பது அவர் கணக்கு. இந்தப் பலகைகள் எட்டு வருடம் காய்ந்தன.

பண்ருட்டி என்றால் நமக்குப் பலாச்சுளைதான் நினைவுக்கு வரும். மிருதங்கம் செய்கிறவர்களுக்கு அந்த ஊர் என்றால் மரம். பண்ருட்டிப் பலாவில் குடைந்த மிருதங்கத்துக்குத் தனி மவுசு உண்டு. "இது சத்தம் தெரிஞ்ச மரம் பாப்பா. கதவுக்கும் கட்டிலுக்கும் போட்டு வீணாக்கக் கூடாது" என்பார் தாத்தா.

2020-ல் ஊரடங்கு வந்தது. வெளியே போக வழியில்லை. பரணிலிருந்து பலகைகள் இறங்கின. புதிதாக இழைத்தபோது மஞ்சள் மஞ்சேளன்று இருந்த பலா, இப்போது தேன் நிறத்துக்கு வந்திருக்கிறது. பலாவின் குணம் அது. வயதாக வயதாகப் பழுப்பேறும். ஆணியே அடிக்காமல், கழுந்தும் துளையுமாகச் செதுக்கிப் பூட்டியிருந்தார். முதுகுப் பலகை மட்டும் மற்றதைவிடத் தடிமன். ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

கடிகாரத்தின் எந்திரம் அதற்கும் பல வருடங்களுக்கு முன்பே வந்துவிட்டது. ஒரு கல்யாணத்துக்குக் காரைக்குடி போனவர், முனீஸ்வரன் கோவில் தெருவில் உள்ள பழம்பொருள் கடை ஒன்றில் அதை வாங்கிவந்திருந்தார். பித்தளைச் சக்கரங்களும் முள்ளும் முகமும் இருந்தன. பெண்டுலம் இல்லை, குண்டுகள் இல்லை, பெட்டியும் இல்லை.

பெட்டி முடிந்த நேரத்தில் தாத்தாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. பார்க்கின்சன் என்றார்கள். உளி பிடித்த கை, டீ டம்ளரைப் பிடிக்கவே இரண்டாவது கையைக் கூப்பிட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. கருவிகளுக்கு எண்ணெய் போட்டு, துணியில் சுற்றி, பெட்டியில் வைத்துப் பூட்டினார். வெங்காயக் கூடை உள்ளே போனது.

450 ரூபாய் மெஷின்

நான் செய்த முதல் காரியம் தப்பான காரியம். ஆன்லைனில் 450 ரூபாய்க்கு பேட்டரியில் ஓடும் ஒரு மெஷின் கிடைத்தது. கூடவே ஆடுவதற்கு ஒரு பிளாஸ்டிக் பெண்டுலம். அந்த ஓட்டையில் அதைப் பொருத்தி, பேட்டரி போட்டு, "தாத்தா, உங்க கடிகாரம் ஓடுது பாருங்க!" என்றேன்.

தாத்தா கதவைத் திறந்து உள்ளே பார்த்தார். கீழே நான்கு அடிக்கு வெற்றிடம். மேலே குட்டியாக ஒரு பெண்டுலம், எதோடும் சம்பந்தமில்லாமல் ஆடிக்கொண்டிருந்தது.

"பேட்டரி மெஷினுக்கு எதுக்கும்மா ஆறரை அடி பெட்டி?" என்றார். கோபமாகக்கூட இல்லை. கதவைச் சாத்திவிட்டுத் திண்ணைக்குப் போய்விட்டார்.

அன்று இரவு உட்கார்ந்து படித்தபோதுதான் அந்தக் கேள்வி புரிந்தது. பெண்டுலம் வைத்த முதல் கடிகாரத்தை 1656-ல் நெதர்லாந்தின் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் உருவாக்கினார். அந்தக் காலக் கடிகாரங்களில் பெண்டுலம் அகலமாக வீசி ஆடும். 1670-களில் இங்கிலாந்தில் நங்கூர வடிவிலான ஒரு பூட்டுக் கருவி வந்தது. அதனால் பெண்டுலம் கொஞ்சமே ஆடினால் போதும் என்றாகிவிட்டது. கொஞ்சமாக ஆடுவதால் ஒரு மீட்டர் நீளப் பெண்டுலத்தைக்கூட ஒடுக்கமான பெட்டியில் அடக்கலாம். சுமார் ஒரு மீட்டர் நீளப் பெண்டுலம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக சரியாக ஒரு நொடி ஆகும். எந்திரத்தை ஓட்டுவது இரண்டு எடைக்குண்டுகள். ஒன்று முள்ளுக்கு, இன்னொன்று மணி அடிப்பதற்கு. அவை எட்டு நாள் மெல்ல மெல்லக் கீழே இறங்க இடம் வேண்டும். பெட்டி உயரமாக இருப்பது அழகுக்காக இல்லை. பெண்டுலத்துக்கும் குண்டுக்கும்தான்.

'தாத்தா கடிகாரம்' என்ற பெயரே பின்னால் வந்தது. 1876-ல் அமெரிக்காவில் ஹென்றி கிளே வொர்க் என்பவர் எழுதிய ஒரு பாட்டு ஊரெல்லாம் பரவி, அதிலிருந்து நிலைத்த பெயர். அந்தப் பாட்டின் கதையில், தாத்தா இறக்கும்போது கடிகாரமும் நின்றுபோகும். அதைப் படித்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன். இதை வீட்டில் யாரிடமும் சொல்வதில்லை என்று முடிவெடுத்தேன்.

மறுநாள் காலை பேட்டரி மெஷினைக் கழற்றினேன். வெங்காயக் கூடை சமையலறைக்குப் போனது. "என்னடி பண்ணப் போற?" என்றார் ஆயா. "முடிக்கப் போறோம் ஆயா" என்றேன்.

முதுநகரில் 12 கிலோ ஈயம்

தாத்தாவின் பழைய நோட்டில் எல்லாம் இருந்தது. 'குண்டு - 2. ஒன்று 6 கிலோ. பித்தளைக் குழாய், உள்ளே ஈயம்.' ஈயத்துக்கு எங்கே போவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது தாத்தாவே சொன்னார். "முதுநகர் போ. வலை விக்கிற கடையில கேளு."

கடலூர் உண்மையில் இரண்டு ஊர். மஞ்சக்குப்பம், புதுப்பாளையம், திருப்பாதிரிப்புலியூர் என்று கெடிலம் ஆற்றங்கரையில் ஒன்று. தெற்கே துறைமுகத்தை ஒட்டி முதுநகர் என்று இன்னொன்று. முதுநகருக்குள் நுழைந்ததுமே காற்றில் மீன் வாசம் வரும். மணிக்கூண்டைத் தாண்டித் துறைமுகப் பக்கம் போனால், வலை, கயிறு, மிதவை விற்கும் கடைகள். வலையின் அடிப்பக்கம் தண்ணீரில் மூழ்க, வரிசையாக ஈயக்குண்டு கோப்பார்கள்.

"எத்தனை கிலோ?" என்றார் கடைக்காரர்.

"12 கிலோ அண்ணா."

"போட்டு வெச்சிருக்கியாம்மா?" என்றார். கடிகாரத்துக்கு என்று சொன்னதும் பக்கத்துக் கடைக்காரரையும் கூப்பிட்டார். இருவரும் என் போனில் இருந்த பெட்டியின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். "பலாவா? சூப்பர்" என்று ஒரு கைப்பிடி ஈயம் கூடுதலாகப் போட்டார். "வீட்டுக்குப் போய் நல்லா கை கழுவும்மா, ஈயம் உள்ள போனா நல்லதில்ல" என்றும் சொன்னார்.

திரும்பி வரும் வழியில் தேவனாம்பட்டினம் போனேன். சில்வர் பீச்சுக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு, பக்கத்திலேயே புனித டேவிட் கோட்டையின் மிச்சம் இருப்பது தெரியாது. 1690-ல் ஆங்கிலேயக் கம்பெனி மராட்டியர்களிடமிருந்து இந்தக் கோட்டையை வாங்கியது. கோட்டையிலிருந்து பீரங்கியைச் சுட்டு, குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அதுவரை உள்ள நிலம் கம்பெனிக்கு என்று ஒப்பந்தம். அப்படிச் சேர்ந்த ஊர்களுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்றே பெயர் வந்தது. 1746-ல் சென்னை பிரெஞ்சுக்காரர்களிடம் போனபோது, சில வருடங்களுக்குத் தென்னிந்தியாவில் ஆங்கிலேயர்களின் தலைமையிடமே கடலூர்தான். 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்துத் தகர்த்தார். இப்போது செடி முளைத்த சில சுவர்கள்தான் மிச்சம். நிலத்தைக் குண்டு போட்டு அளந்த அந்த இடத்தில், நேரத்தை அளக்க 12 கிலோ குண்டைப் பையில் வைத்துக்கொண்டு நின்றேன். தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது.

நம்ம ஊருக்கு 991

நோட்டில் ஒரு பக்கம் என்னைக் குழப்பியது. பெண்டுலத்தின் நீளம் '994 மி.மீ.' என்று எழுதி, அடித்துவிட்டு, கீழே 'நம்ம ஊருக்கு 991' என்று எழுதியிருந்தார்.

"மூணு மில்லிமீட்டர்ல என்ன தாத்தா வந்துடப் போகுது?"

"ஒரு நாளைக்கு ரெண்டு நிமிஷம் வரும்" என்றார்.

1672-ல் ஜான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர், பாரிஸிலிருந்து தென் அமெரிக்காவின் கயேன் தீவுக்குப் பெண்டுலக் கடிகாரத்தோடு போனார். பாரிஸில் சரியாக ஓடியது, அங்கே நாளொன்றுக்கு இரண்டரை நிமிடம் பின்தங்கியது. காரணம், பூமி சரியான உருண்டை இல்லை. நடுவில் கொஞ்சம் புடைத்திருக்கிறது. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் புவியீர்ப்பு சற்றுக் குறைவு. ஈர்ப்பு குறைந்தால் பெண்டுலம் மெதுவாக ஆடும். அதைச் சரிக்கட்ட நீளத்தைக் குறைக்க வேண்டும். லண்டனில் ஒரு நொடிப் பெண்டுலத்துக்கு 994 மில்லிமீட்டர் என்றால், கடலூருக்கு 991. லண்டன் பெண்டுலத்தை அப்படியே இங்கே மாட்டினால், ஒரு நாளில் இரண்டு நிமிடத்துக்கு மேல் பின்தங்கும்.

இங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டர் வடக்கே புதுச்சேரி. வெள்ளிக்கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்க, கிய்யோம் லெ ஜான்தீய் என்ற பிரெஞ்சு வானியலாளர் அங்கேதான் வந்து காத்திருந்தார். 1761-ல் ஒருமுறை வரமுடியாமல், நடுக்கடலில் கப்பலிலேயே அந்த நேரம் கழிந்தது. அதற்காக எட்டு வருடம் ஊர் திரும்பாமல் இருந்து, 1769 ஜூன் 4 காலை எல்லாம் தயாராக வைத்திருந்தபோது, வானத்தை மேகம் மூடியது. ஆனால் அவர் வெறுங்கையோடு போகவில்லை. சோழிகளை வைத்துக்கொண்டு, மனப்பாடக் கணக்கிலேயே கிரகணத்தைச் சொல்லும் தமிழர்களின் முறையைக் கற்று, அதை வியந்து எழுதினார்.

பெண்டுலத்தின் தண்டுக்கும் தாத்தா மரத்தையே தேர்ந்தெடுத்திருந்தார். வெயிலில் பித்தளையும் இரும்பும் நீளும். நேராக நார் ஓடும் மரம், நீளவாக்கில் அவ்வளவாக நீளாது. ஆனால் கடலூரின் உப்புக் காற்றில் மரம் ஈரத்தைக் குடித்துவிடும் என்பதால், ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கை ஆறு கை பூசச் சொன்னார். நான்தான் பூசினேன். ஒவ்வொரு கைக்கும் நடுவில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். "அழுத்தாத. தடவு" என்று திண்ணையிலிருந்து குரல் வந்துகொண்டே இருந்தது.

கட்டைப்பையில் சிதம்பரம்

எந்திரம் மட்டும் எங்கள் கைக்கு அடங்கவில்லை. தூசும் பழைய எண்ணெயும் இறுகி, சக்கரங்கள் அசையவே இல்லை. கடலூரில் விசாரித்த இடத்தில் எல்லாம் பேட்டரி போடுவோம் என்றார்கள். கடைசியில் பெரியப்பாதான் சொன்னார், சிதம்பரத்தில் தேரோடும் வீதிகளில் ஒன்றில் ஒரு பெரியவர் இன்னும் பழைய கடிகாரங்களைப் பார்க்கிறார் என்று.

ஆயாவின் பழைய நூல்புடவையில் எந்திரத்தைச் சுற்றி, ஜவுளிக்கடைக் கட்டைப்பையில் வைத்து, மடியில் ஏந்திக்கொண்டு பஸ் ஏறினேன். கடலூரிலிருந்து சிதம்பரம் சுமார் 45 கிலோமீட்டர். சிப்காட் ஆலைகள் முடிந்ததும் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று ஊர்கள் வரும். பி.முட்லூரில் இடதுபக்கம் பிரிந்தால் பரங்கிப்பேட்டை. வெள்ளாற்றுப் பாலம் தாண்டினால் சிதம்பரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

கடை பத்தடிக்கு ஆறடி இருக்கும். சுவர் முழுக்கக் கடிகாரங்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு மணி.

"இதுல எது ஐயா சரியான நேரம்?"

"எதுவும் இல்லம்மா. சரியா ஓடுறதை யாரு எங்கிட்ட கொண்டாந்து குடுப்பா?" என்று சிரித்தார்.

புடவையைப் பிரித்ததும் சிரிப்பு நின்றது. கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு ஐந்து நிமிடம் பேசவே இல்லை. "யாரோ எண்ணெயா ஊத்தியிருக்காங்க. எண்ணெய் இல்லாம செத்த கடிகாரத்தைவிட, எண்ணெய் அதிகமாகிச் செத்ததுதான் அதிகம். தூசியை இழுத்துப் பிடிச்சுக்கும். அச்சு சுத்துற இடத்துல ஒரு சொட்டு. பல்லுல வைக்கவே கூடாது." பெண்டுலத்தைத் தொங்கவிடும் மெல்லிய எஃகுத் தகடு ஒடிந்திருந்தது. அச்சு ஓட்டைகள் தேய்ந்து பெரிதாகியிருந்தன. "ரெண்டு வாரம் ஆகும். அவசரமா?"

"தாத்தாவுக்கு உடம்பு சரியில்ல ஐயா. அவர் செஞ்சது. ஓடுறதை அவர் பார்க்கணும்."

அவர் லென்ஸை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அப்ப ரெண்டு வாரம்னா ரெண்டு வாரம்தான். அவசரத்துல செஞ்சா அவர் பார்த்தப்புறம் நின்னுடும்" என்றார். இப்போதெல்லாம் பேட்டரி மாற்றத்தான் ஆட்கள் வருகிறார்கள், இந்த வேலையைக் கற்றுக்கொள்ள யாரும் வரவில்லை என்று அவர் சொன்னது, கேட்டதற்குப் பதிலாகத்தான். புலம்பலாக இல்லை.

21,600 மூச்சு

மதியம் கொத்சும் சம்பா சாதமும் சாப்பிட்டுவிட்டு, நடை திறக்கக் காத்திருந்து நடராஜர் கோயிலுக்குள் போனேன். சிறு வயதிலிருந்து எத்தனையோ முறை பார்த்த பொற்கூரைதான். ஆனால் அன்றைக்கு வேறு மாதிரி தெரிந்தது.

சித்சபையின் கூரையில் 21,600 பொன் ஓடுகள், அவற்றைப் பிணைக்க 72,000 ஆணிகள் என்பது மரபு. ஓடுகள், மனிதன் ஒரு நாளில் விடும் மூச்சுகளின் எண்ணிக்கை. ஆணிகள், உடலின் நாடிகள். சிதம்பரத்தில் வளர்ந்த எந்தக் குழந்தையும் இதைச் சொல்லும். நான் போனை எடுத்துக் கணக்குப் போட்டேன். ஒரு நாளைக்கு 60 நாழிகை. ஒரு நாழிகை 24 நிமிடம். 21,600-ஐ 60-ஆல் வகுத்தால், நாழிகைக்கு 360 மூச்சு. ஒரு மூச்சுக்குச் சரியாக 4 நொடி.

தாத்தாவின் பெண்டுலம் ஒரு நொடிக்கு ஒரு பக்கம் போகும். அப்படியென்றால் இங்கும் அங்கும் இரண்டு முறை போய்வந்தால் ஒரு மூச்சு. கனகசபைக்கு முன்னால் கூட்டத்தில் நின்றபடி, என் மூச்சை எண்ணிப் பார்த்தேன். பின்னால் நின்ற அம்மா ஒருவர், "நகரும்மா" என்றார்.

இந்த ஊரின் பெயரே ஒரு மரத்தால் வந்தது. தில்லை. கோயிலின் தலமரம். பிச்சாவரம் உப்பங்கழியில் இன்றும் வளர்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து என்று படகோட்டிகள் எச்சரிப்பார்கள். தாத்தாவிடம் அதைப் பற்றிக் கேட்டபோது, "எல்லா மரமும் வெட்டுறதுக்கு இல்ல பாப்பா. சிலது கும்பிடுறதுக்கு" என்றார்.

நொண்டுகிற சத்தம்

இரண்டு வாரம் கழித்து, அதே புடவையில் சுற்றி எந்திரம் வீடு வந்தது. பெரியப்பா, நான், பக்கத்துத் தெருவில் தச்சு வேலை செய்யும் அண்ணன் மூவரும் சேர்ந்து பொருத்தினோம். தாத்தாவை நாற்காலியில் எதிரே உட்கார வைத்தோம். ரசமட்டம் வைத்துப் பெட்டியை நேராக்கினோம். குண்டுகளைத் தொங்கவிட்டோம். நான் பெண்டுலத்தை ஒரு பக்கம் இழுத்து விட்டேன்.

டிக்... டாக். டிக்... டாக்.

ஆயா கைதட்டினார். நான் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். தாத்தா மட்டும் தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு கேட்டார்.

"நொண்டுது" என்றார்.

எங்கள் யாருக்கும் தெரியவில்லை. "நல்லாத்தானே ஓடுதுப்பா" என்றார் பெரியப்பா. இரண்டு நிமிடத்தில் பெண்டுலத்தின் வீச்சு குறைந்து, கடிகாரம் நின்றது.

'டிக்'குக்கும் 'டாக்'குக்கும் இடைவெளி ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் நீண்டால் எந்திரத்தின் உந்துதல் சரியாகப் போய்ச் சேராது. பெண்டுலத்தை ஏந்தும் கவட்டையைத் துளி வளைத்துத்தான் அதைச் சரி செய்ய வேண்டும். பெரியப்பா வளைத்தார். "அதிகம்" என்றார் தாத்தா. மறுபடி. "இன்னும் துளி இடது பக்கம்." மறுபடி. அவர் கைகள் நாற்காலிப் பிடியில் படபடவென்று நடுங்கிக்கொண்டிருந்தன. காது அசையவில்லை. பத்தாவது முறையோ பதினோராவது முறையோ, கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் கேட்டார்.

டிக். டாக். டிக். டாக்.

"விடு. அப்படியே விடு" என்றார்.

அன்று இரவு சாப்பாடு கூடத்தில்தான். ஒன்பது மணி அடித்தபோது, ஆயா கையில் இருந்த கரண்டியைக் கீழே போட்டுவிட்டார்.

ஆறாம் நாள்

நான் சென்னை திரும்பிய பிறகு, அந்த வாரம் வெள்ளிக்கிழமை பெரியப்பாவிடமிருந்து போன். கடிகாரம் நின்றுவிட்டது. தள்ளிவிட்டால் கொஞ்ச நேரம் ஓடுகிறது, மறுபடி நிற்கிறது. "அப்பா காலையிலேர்ந்து சாப்பிடல. தன் பெட்டிலதான் தப்புன்னு உக்காந்திருக்காரு. நின்ன கடிகாரம் வீட்ல இருக்கக் கூடாதுன்னு அம்மா வேற..." என்று இழுத்தார்.

எனக்கு அந்தப் பாட்டின் கதை நினைவுக்கு வந்தது. ஆபீஸ் படிக்கட்டில் உட்கார்ந்து சிதம்பரத்துக்குப் போன் போட்டேன்.

"எத்தனாவது நாள்மா நின்னுச்சு?" என்றார் பெரியவர், பதற்றமே இல்லாமல்.

"ஆறாவது நாள் ஐயா."

"குண்டு எங்க நிக்குது?"

பெரியப்பாவிடம் கேட்டுச் சொன்னேன். "பெண்டுலத்துக்கு நேரா."

"பெட்டியைச் செவுத்தோட சேர்த்து முடுக்கலையா?"

விஷயம் இதுதான். குண்டு இறங்க இறங்க அதன் கயிறு நீளும். ஐந்தாறு நாளில் அந்த நீளம் ஏறத்தாழப் பெண்டுலத்தின் நீளத்துக்கு வந்துவிடும். இரண்டுக்கும் ஆட்டத்தின் தாளம் ஒன்றாகிவிடும். பெட்டி கண்ணுக்குத் தெரியாத அளவு அசைந்தாலும் போதும், குண்டும் கூடவே ஆட ஆரம்பித்து, பெண்டுலத்தின் சக்தியை வாங்கிக்கொள்ளும். கடிகாரம் நின்றுவிடும். பழைய கடிகாரங்கள் எல்லாவற்றுக்கும் உள்ள வியாதி. முதுகுப் பலகையைச் சுவரோடு திருகிவிட்டால் தீர்ந்தது. தாத்தா முதுகை மட்டும் தடிமனாக வைத்ததும் அதற்காகத்தான். சுவரில் திருகுவதை நாங்கள்தான் மறந்திருந்தோம்.

சனிக்கிழமை காலை ஊரில் இருந்தேன். சுவரில் இரண்டு துளை, இரண்டு திருகு. "பெட்டில தப்பில்ல தாத்தா. நாங்கதான் முடுக்கல" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல், எழுந்து போய்ப் பெட்டியை ஒருமுறை அசைத்துப் பார்த்தார். அசையவில்லை. "டீ போடச் சொல்லு" என்றார்.

ஞாயிறு காலை சாவி கொடுக்கும் நேரம். வாரத்துக்கு ஒருமுறை கொடுத்தால் எட்டு நாள் ஓடும். சாவியை முகத்தில் உள்ள துளையில் வைக்கத் தாத்தாவின் கைக்கு முடியவில்லை. நான் அவர் கையைப் பிடித்துத் துளைக்குக் கொண்டு போனேன். உள்ளே போன பிறகு அவரே சுற்றினார். ஒவ்வொரு சுற்றுக்கும் ஈயக்குண்டு கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறி வந்தது.

இப்போது கடிகாரம் நாளுக்கு இருபது நொடி முன்னால் ஓடுகிறது. பெண்டுலத்தின் அடியில் உள்ள திருகை அரைச் சுற்றுத் தளர்த்தச் சொல்லியிருக்கிறார் தாத்தா. நான் கிளம்பும்போது, எப்போதும் கேட்காத ஒரு கேள்வியை வாசலில் நின்று கேட்டார்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை வருவியா?"

"பெரியப்பா இருக்காரே தாத்தா, அவரு சாவி குடுப்பாருல்ல?"

"அவன் வேகமா சுத்துவான்" என்றார்.

சனிக்கிழமை ராத்திரி ரயிலுக்கு டிக்கெட் போட்டுவிட்டேன்.

போக நினைப்பவர்களுக்கு...

- சென்னை எழும்பூரிலிருந்து விழுப்புரம் வழியாக மெயின் லைன் ரயில்களில் திருப்பாதிரிப்புலியூர், சிதம்பரம் இரண்டிலும் இறங்கலாம். ரயில் நிற்கும் நிலையங்களை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். கிளாம்பாக்கத்திலிருந்து பஸ் வசதியும் உண்டு.
- கடலூரில் திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயிலைத் தவறவிடாதீர்கள். கல்லில் கட்டிக் கடலில் எறியப்பட்ட அப்பர் கரையேறிய தலம் என்பது மரபு. 'கரையேறவிட்டகுப்பம்' என்ற ஊர்ப் பெயரே அதைச் சொல்லும்.
- சிதம்பரம் கோயிலில் மதியம் நடை சாத்துவார்கள். காலையிலோ மாலையிலோ போவதுபோல் திட்டமிடுங்கள்.
- பிச்சாவரம் படகுக்குக் காலை நேரம் நல்லது. வெயில் ஏறினால் தாங்காது. தில்லை மரக்கிளைகளை ஒடிக்க வேண்டாம்.
- பலா சீசனில் போனால் பண்ருட்டி வழியாகத் திரும்புங்கள். பழத்தை வாங்கும்போது மரத்தையும் ஒருமுறை தட்டிப் பாருங்கள்.